சனி முழுக்கு

குளியல் தொட்டியின் பக்கச் சுவரில் பென்சிலால் கீறியிருந்த கோட்டில் கடைசி நாலு விரற்கடை மட்டும் மிச்சமிருந்தபோது இரும்பு வெட்டும் பிளெக்ஸ் மெசினின் சத்தம் மாறியது. வெட்டுப்பட்ட துண்டு அதிரத் தொடங்கிவிட்டது. விட்டால் தானே முறிந்து விழும். இரவீந்திரன் முழங்காலால் அதற்கு முட்டுக்கொடுத்தபடி மிச்சத்தையும் வெட்டி முடித்தான். மெசினை நிறுத்தினான். காதுகளை மூடியிருந்த காப்பைக் கழற்றிக் கழுத்தில் விட்டான். எரிந்த எனாமலின் மணம் குளியலறை முழுக்க நின்றது. வீடு ஒரு சத்தமுமில்லாமல் இருந்தது.

துண்டு அரைச் சுளகளவு இருந்தது. ஒரு பக்கம் பாசிப்பச்சை, மறுபக்கம் கறுத்த இரும்பு. ஐம்பது வருசத்துத் தொட்டியை எங்கும் வெடிக்காமல் இவ்வளவு நேராக வெட்டியெடுத்ததில் அவனுக்கே தன் கைமேல் ஒரு மதிப்பு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, சப்பாத்தில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைக்கூடத் தட்டாமல், பக்கத்து அறைக்குப் போனான்.

“அண்ணை, முடிஞ்சுது. பாருங்கோ, கேக் வெட்டின மாதிரி.”

இராஜசிங்கத்தின் தலை வாசல் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. வாய் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திய மாதிரித் திறந்திருந்தது.

இரவீந்திரன் கொஞ்ச நேரம் துண்டைப் பிடித்தபடி நின்றான். பிறகு குனிந்து, நித்திரை கொள்கிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, சத்தமில்லாமல் அதைக் கம்பளத்தில் வைத்தான். கிட்டப் போய் நெற்றியைத் தொட்டான். நெற்றி இன்னும் சூடாகத்தான் இருந்தது. இரும்புத் துண்டும் சூடாக இருந்தது. அவனுடைய கைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

போர்வைக்கு மேலே அண்ணனின் வலது கை மூடியிருந்தது. விரல்களுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

அழைப்பு மணியின் பட்டன். அண்ணனின் மகள் ஹரிஷா பேர்னிலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்தது. அமத்தினால் நடைபாதைச் சுவரில் செருகியிருக்கும் பெட்டி இரண்டு சுரத்தில் மணியடிக்கும். அந்தப் பெட்டி குளியலறைக் கதவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது.

இரவீந்திரன் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான். பட்டனை எடுத்துத் தன் வேலைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவன் யோசிக்கவில்லை. அண்ணனின் கையை நெஞ்சில் வைத்துவிட்டு, கடைக்குப் போயிருந்த அண்ணிக்குப் போன் எடுத்தான்.

“அண்ணி, வாங்கோ,” என்றான்.

*

அந்தக் குளியலறையைத் திருத்தித் தரச்சொல்லி அண்ணி கோசலா கேட்கத் தொடங்கிப் பதினெட்டு வருசம். சுவிஸில், வில் நகரத்தில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்த முதல் கிழமையே கேட்டவர். சுவரெல்லாம் பச்சை, தொட்டி பச்சை, கை கழுவும் கோப்பை பச்சை. இராஜசிங்கம் அதற்குத் ‘தவளைக் கிணறு’ என்று பெயர் வைத்திருந்தார். “தண்ணி வருகுது, தண்ணி போகுது. பிறகென்ன?” என்பார்.

இரவீந்திரனின் தொழிலே குளியலறைதான். ஷ்லீரனில் இருந்துகொண்டு முப்பது வருசமாக சூரிச்சைச் சுற்றிய ஊர்களில் எத்தனையோ வெள்ளைக்காரர் வீடுகளில் டைல் பதித்திருக்கிறான். அவனை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, மொழி தெரியாத தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டுபோய் ஒரு டைல்காரனிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அண்ணன்தான். அண்ணி கேட்கும்போதெல்லாம் “வாற கோடையில செய்வம்” என்பான். கோடை வரும். வேறு ஆருடையவோ வீட்டில் வேலை இருக்கும்.

இந்த மாசிமாதம் ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஈரலில் வந்தது முள்ளந்தண்டுவரை போயிருந்தது. வீட்டுப் பராமரிப்புக்கு வரும் ஸ்பிட்டெக்ஸ் தாதி காலையில் வந்து, கட்டிலில் வைத்தே ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிடுவாள். அது நடக்கும்போது இராஜசிங்கம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் தம்பியைக் கூப்பிட்டார்.

“டேய், ஒருக்காத் தண்ணிக்குள்ள கிடக்கோணும்.”

அவருக்கு அது பழக்கம். மா ஆலையில் இருபத்தாறு வருசம் வேலை. பின்னேரம் தலைமயிரெல்லாம் மாவோடு வந்து தொட்டிக்குள் இறங்கினால் ஒரு மணித்தியாலத்துக்கு வெளியில் வரமாட்டார். “உவர் முழுகின தண்ணியில தோசை சுடலாம்” என்று கோசலா ஏசுவார். சனிக்கிழமையில் நல்லெண்ணெய் வைத்து முழுகாமல் விட்ட நாள் இல்லை. இப்போதோ தொட்டியின் விளிம்பு அவருக்கு இடுப்புயரச் சுவராகிவிட்டது. கால் தூக்க முடியாது. தூக்கி வைக்க விடவும் மாட்டார்.

“எல்லாத்தையும் உடைச்சு எடுத்துப்போட்டு, நிலமட்டத்தில ஷவர் ஒண்டு போடுவம் அண்ணை,” என்றான் இரவீந்திரன்.

“எத்தினை நாள்?”

“மூண்டு கிழமை.”

இராஜசிங்கம் சிரித்தார். “அவ்வளவு நாள் நான் வாங்கி வரேல்லை. உடைக்காமச் செய். சனிக்கிழமைக்கு முதல் முடி.”

இரவீந்திரன் வேலைத்தலத்தில் லீவு சொல்லிவிட்டுத் திங்கட்கிழமையே சாமான்களோடு வந்து இறங்கினான். இரவில் ரயிலேறி வீட்டுக்குப் போய், காலையில் திரும்பி வருவான். பழைய டைலுக்கு மேலேயே ஒட்டுகிற மெல்லிய வெள்ளைத் தகடுகளை மூன்று சுவருக்கும் ஒட்டினான். குழாயை மாற்றினான். பிடித்து எழும்பக் கைபிடி பூட்டினான். வழுக்காத விரிப்பு, புது வெளிச்சம். செவ்வாயும் புதனும் தூசியில்லாமல், சத்தமில்லாமல் போயின. வியாழனுக்குத் தொட்டி. பக்கச் சுவரில் ஒரு வாசல்போல வெட்டி, வெட்டிய இடத்தில் பிளாஸ்டிக் படி ஒன்றைப் பொருத்தி ஒட்டினால் சின்னப்பிள்ளைகூடக் கால் வைத்து ஏறலாம். சிலிக்கோன் காய ஒரு நாள். சனி முழுகலாம்.

வியாழன் காலை, கோசலா நல்லெண்ணெய் வாங்கத் தமிழ்க்கடைக்குப் புறப்பட்டுப் போன பிறகு, இரவீந்திரன் அறை வாசலில் வந்து நின்றான்.

“அண்ணை, மெசின் போடப்போறன். சத்தமாயிருக்கும். முக்கால் மணித்தியாலம். பொறுப்பியளோ? இல்லாட்டி அண்ணி வந்தாப் பிறகு செய்யிறன்.”

“வெட்டடா. சத்தம் கேட்டாத்தானே வேலை நடக்குதெண்டு தெரியும்.”

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. கடைசியாகச் சொன்னதாக இரவீந்திரனுக்குத் தெரிந்தது அதுதான்.

*

டொக்டர் வந்து பார்த்துவிட்டு, இறந்து அரை மணித்தியாலத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் இடையில் இருக்கும் என்றார். இரவீந்திரன் மனதுக்குள் கணக்குப் பார்த்தான். அண்ணி திரும்பி வர எடுத்த நேரம், டொக்டர் வர எடுத்த நேரம். எப்படிக் கழித்தாலும் அது மெசின் ஓடிய நேரத்துக்குள்தான் வந்து விழுந்தது.

ஸ்பிட்டெக்ஸ் தாதியை நடைபாதையில் மறித்து ஜெர்மனில் கேட்டான்: அப்படியான நிலையில் இருக்கும் ஒருவருக்குக் கடைசி நேரத்தில் ஆரையாவது கூப்பிடத் தோன்றுமா?

“காலையில் கொடுத்த மருந்துக்கு அவர் ஆழ்ந்த நித்திரையில்தான் போயிருப்பார்,” என்றாள் அவள். அவனுடைய தோளைத் தொட்டாள். அந்தப் பதிலை அவள் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்க வேண்டும், தடங்கலில்லாமல் வந்தது.

கோசலா நல்லெண்ணெய்ப் போத்தலைக் கைப்பையிலிருந்து எடுக்காமலே கட்டிலடியில் இருந்தார். அழவில்லை. இடைக்கிடை போர்வையை உதறிப் பார்த்தார். தலையணைக்குக் கீழே கைவிட்டுத் தடவினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். என்ன தேடுகிறார் என்று இரவீந்திரனுக்கு விளங்கியது. பைக்குள் கையை விட்டுப் பட்டனைப் பொத்திப் பிடித்துக்கொண்டான். உடலை எடுத்துச் செல்ல வந்தவர்களிடமும் கோசலா உடைந்த ஜெர்மனில் ஏதோ கேட்டார். அவர்கள் தலையை ஆட்டி இல்லையென்றார்கள்.

தகனம் செவ்வாய்க்கிழமை நடந்தது. அட்லிஸ்வில்லிலிருந்து வந்த குருக்களுக்கு ஒரு மணித்தியாலம்தான் மண்டபத்தில் தந்திருந்தார்கள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து மந்திரம் சொன்னார். இரவீந்திரனின் கைகளில் சந்தனத்துக்கு அடியிலும் எனாமல் மணம் இருந்தது. அவனுக்கு மட்டும்தான் மணத்தது.

வேலை முடிந்து ஆட்கள் பின்னேரங்களில் வீட்டுக்கு வந்து போனார்கள். தேத்தண்ணி குடித்தார்கள், இராஜசிங்கத்தின் பகிடிகளை ஞாபகப்படுத்தினார்கள், ஒவ்வொருவராகக் குளியலறைக்குப் போய் வந்தார்கள். போனவர்கள் எல்லாரும் ஏதாவது சொன்னார்கள்.

“புதுசாச் செய்யிறியளோ? நல்ல வடிவு.”

“தொட்டியில ஏன் ஓட்டை?”

“கால் வைச்சு ஏற,” என்பான் இரவீந்திரன். கேட்டவர் சட்டென்று தேத்தண்ணிக் கோப்பையைப் பார்ப்பார்.

மா ஆலையில் அண்ணனோடு வேலை செய்த மரியதாஸ் மட்டும் பேசாமல் வந்து பக்கத்தில் அமர்ந்தார். கனநேரம் கழித்துத் தணிந்த குரலில், “குறை நினைக்காதை தம்பி. என்ர மனிசிக்கும் முழங்கால் ஏலாது. உடைக்காம உப்பிடிச் செய்யலாமோ எங்கட வீட்டிலையும்?” என்று கேட்டார்.

“செய்யலாம்,” என்றான். அப்படிச் சொல்லும்போதே காதுக்குள் மணியடித்தது. இரண்டு சுரம். உயர்ந்து தாழ்ந்தது. இரவீந்திரன் எழுந்து நடைபாதைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தான். அது பேசாமல் இருந்தது. பைக்குள் பட்டன் இருந்தது. மரியதாஸ் தான் கேட்டது பிழையென்று நினைத்து எழுந்து போய்விட்டார்.

அதன்பிறகு அது அடிக்கடி கேட்டது. ஷ்லீரனுக்குத் திரும்பும் ரயிலில், அறிவிப்புக்கு முன்னால் வரும் ஒலியில் கேட்டு, இருக்கையை விட்டு எழும்பினான். வீட்டில் மனைவி புனிதவதி கரண்டியைப் பாத்திரத்தில் தட்டினால் கேட்டது. “என்னப்பா?” என்று அவள் கேட்டால், “ஒண்டுமில்லை” என்பான். பட்டனை அமத்திப் பார்க்க மட்டும் அவனுக்குத் துணிவு வரவில்லை. அதை அமத்தினால் வில்லில், அந்த நடைபாதையில், இப்போதுதான் மணியடிக்கும் என்று பயந்தான். அவ்வளவு தூரம் போகாது என்று தெரிந்தும் பயந்தான்.

*

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் விடியக் கோசலா போன் எடுத்தார்.

“தம்பி, அந்த வேலையை முடிச்சு விடுங்கோ. கை கழுவப் போகேக்கையும் அந்த ஓட்டை பாத்துக்கொண்டிருக்கு.”

இரவீந்திரன் காலை ரயிலில் போனான். ஹரிஷா பேர்னுக்கு வேலைக்குத் திரும்பியிருந்தாள். அண்ணனின் அறையில் கட்டில் இல்லை. வாடகைக்குத் தந்தவர்கள் வந்து எடுத்துப் போயிருந்தார்கள். கம்பளத்தில் நாலு கால் பதிந்த குழிகள் மட்டும் இருந்தன.

வெட்டிய விளிம்பை அராவ வேண்டியிருந்தது. காதுக் காப்பைப் போட்டுக்கொண்டு மெசினை எடுத்தான். ஒரு சாண் அராவியிருக்கமாட்டான், மணியடித்தது. நிறுத்தினான். காப்பைக் கழற்றினான். குசினியில் கோசலா பருப்புக் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பத் தொடங்கினான். இந்த முறை மணியோடு இருமலும் கேட்டது. அண்ணனின் இருமல், கடைசியில் சிரிப்பில் முடிகிற இருமல். நிறுத்திவிட்டு அறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மூன்றாம் முறை காப்பைக் கழற்றித் தொட்டிக்குள் எறிந்துவிட்டு, வெறும் காதோடு மிச்சத்தை அராவினான். சத்தம் மண்டைக்குள் போய்க் குத்தியது. முடிந்தபோது காது இரைந்துகொண்டிருந்தது.

பிளாஸ்டிக் படி பச்சையில் கிடைத்திருக்கவில்லை. பச்சைத் தொட்டியில் வெள்ளைப் படி, கிழவன் வாயில் கட்டிய பல்லுப்போலத் தெரிந்தது. அதைப் பொருத்தி, சிலிக்கோன் இழுத்து, ஈர விரலால் தடவி மட்டமாக்கிக்கொண்டு இருக்கும்போது கோசலா வாசலில் வந்து நின்றார்.

“இது எப்ப காயும்?”

“நாளைக்கு.”

அவர் போகவில்லை. இரவீந்திரன் விரலைத் துணியில் துடைத்தான். இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தான். விரலில் ஒன்றும் இல்லை. பிறகு பைக்குள் கைவிட்டுப் பட்டனை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தான்.

“அண்ணி, இது அவற்ற கையில இருந்தது.”

கோசலா அதைப் பார்த்தார்.

“நான் எடுத்து ஒளிச்சிட்டன். அவர் கூப்பிட்டிருக்கிறார், அண்ணி. நான் காதைப் பொத்திக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறன். ஒரு முழம்... ஒரு முழத்தில அந்தப் பெட்டி.” நடைபாதைப் பக்கம் கை காட்டினான். “கேக்கேல்லை.”

கோசலா உள்ளே வந்து கழிவறைக் கோப்பையின் மூடிமேல் இருந்தார். பட்டனை எடுத்தார். நகத்தால் பின்மூடியைத் திறந்து அவனுக்குக் காட்டினார். உள்ளே பற்றரி வைக்கும் வட்டமான குழி. குழி வெறுமையாக இருந்தது.

“கேட்டிராது,” என்றார். “மெசின் போடாட்டியும் கேட்டிராது.”

இரவீந்திரனுக்கு விளங்கவில்லை.

“பற்றரியை நான்தான் கழட்டினனான். அண்டைக்குக் காலமை.” கோசலா பட்டனை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே கதைத்தார். “விடிய அஞ்சு மணியிலயிருந்து அடிச்சுக்கொண்டே இருந்தார் தம்பி. ஒருக்காத் தண்ணி. ஒருக்காத் தலகாணி. பிறகு ஒண்டுமில்லை. போய் நிண்டா, ‘ஒண்டுமில்லை, நிக்கிறியோ எண்டு பாத்தனான்’ எண்டார். சோத்தை அடுப்பில வைச்சிட்டு ஓடிவாறன், ஒண்டுமில்லை. பன்னிரண்டாந்தரமோ பதிமூண்டாந்தரமோ... எனக்கு ஏலாமப் போச்சு. பட்டனைத் துடைச்சுத் தாறன் எண்டு வாங்கினன். பற்றரியை எடுத்துப்போட்டு, திரும்பக் கையில குடுத்தன்.”

குசினியில் பருப்பு கொதித்து வழியும் சத்தம் கேட்டது. ஒருவரும் எழும்பவில்லை.

“நான் கடைக்கு வெளிக்கிடேக்கையும் அமத்திப் பாத்தவர். என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு. நான் கேக்காத மாதிரிச் சப்பாத்தைப் போட்டன்.”

இரவீந்திரன் வாயைத் திறந்தான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வந்ததெல்லாம் அந்தத் தாதி சொன்ன வசனம்தான். அதைச் சொல்லாமல் விட்டான்.

“கட்டிலெல்லாம் தேடினனான்,” என்றார் கோசலா. “ஆரும் கண்டெடுக்கிறதுக்கு முதல் பற்றரியைப் போட்டுவிடுவம் எண்டு. எட்டு நாளாப் பற்றரி என்ர கைப்பைக்குள்ள கிடக்கு.” பிறகு, “பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ,” என்றார்.

“சொல்லமாட்டன்.”

“நீங்களும் மனசில வைச்சிருக்காதேங்கோ.”

“நீங்களும்தான், அண்ணி.”

அது இரண்டு பேராலும் ஆகாது என்று இருவருக்கும் தெரிந்தது. கோசலா எழும்பிப் போய் அடுப்பை நிப்பாட்டினார்.

*

அடுத்த நாள், சனிக்கிழமை மத்தியானம், இரவீந்திரன் தொட்டிக்குத் தண்ணீர் திறந்தான். எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்கப் புதுப் படியின் விளிம்புவரை நிரப்பி, அரைமணி விட்டுப் பார்க்க வேண்டும். வழமையில் பச்சைத் தண்ணீரில்தான் பார்ப்பான். ஏனோ சுடுதண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டிருந்தான். நிலத்தில் குந்தி, டோர்ச்சை அடித்து, ஒட்டிய இடம் முழுக்க விரலால் தடவிக்கொண்டு போனான். காய்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை.

கோசலா வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியில் ஆவி பிடித்திருந்தது. வெள்ளைச் சுவரில் புது வெளிச்சம் பட்டு அறை பெரிசாகத் தெரிந்தது.

“ஒழுகுதோ?”

“இல்லை.”

அவர் குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டார். முழங்கைவரை விட்டார். சட்டையின் கை நனைந்ததைக் கவனிக்கவில்லை. மெல்ல ஒருமுறை கலக்கினார். தண்ணீர் ஏறி வெள்ளை விளிம்பைத் தொட்டுவிட்டு இறங்கியது.

“சூடு காணும்,” என்றார்.

இரவீந்திரன் டோர்ச்சை அணைத்தான். தண்ணீரைத் திறந்துவிட அடைப்பை இழுக்க வேண்டியதுதான் மிச்சம். அவன் கை அதற்குப் போகவில்லை.

“இந்தத் தொட்டியில நான் ஒருநாளும் இறங்கினதில்லை, தெரியுமோ?” என்றார் கோசலா. “கழுவினதுதான்.”

அவர் கையை எடுத்து ஈரத்தை உதறினார்.

“மேசையில சோறு மூடி வைச்சிருக்கிறன். போய்ச் சாப்பிடுங்கோ.”

அவன் சாமான்களைப் பெட்டியில் போட்டான். நிலத்தை ஒருமுறை துடைத்தான். உலர்ந்த துவாய் ஒன்றைக் கைபிடியில் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான். பின்னால் பூட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது.

குசினியில் மூடியைத் திறந்தான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. ஆறியிருந்தது. சூடாக்க மைக்ரோவேவ் இருந்தது. அது இரையும் என்று விட்டுவிட்டான். யன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கூரையிலிருந்து பனி கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. எழும்பி யன்னலையும் சாத்திவிட்டு வந்து இருந்தான்.

குளியலறையிலிருந்து கனநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் அசையும் சத்தம் வந்தது. இரவீந்திரன் ஒரு பிடி சோற்றை வாயில் வைத்து, மெல்லும் சத்தம் தன் காதை மறைத்துவிடாதபடி, மெதுவாக மென்றான்.